சாவா மூவாப் பேராடு: கல்லும் செம்பும் நினைவும் காலமும்

திருப்பதியிலிருந்து திருக்காளத்தி செல்லும் வழியில் ஏர்பேடு இருக்கிறது. முன்பு வடஆர்க்காடு மாவட்டத்திலும், 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வட்டாரத்தில்தான் வளாகம் அமைத்திருக்கின்றன. இதே ஏர்பேடு மண்டலத்தில் குடிமல்லம் என்னும் சிற்றூரில் பரசுராமேசுவரர் கோயில் உள்ளது. நினைவைப் பொருளில் பதித்து வைப்பதற்கு மனிதர் கையாண்ட மிகப் பழைய வழியும், தரவுகளை மின்னணுவில் பதித்து வைக்கும் மிகப் புதிய வழியும் ஒரே மண்டலத்தின் எல்லைக்குள் அமைந்திருப்பது ஒரு தற்செயல். ஆயினும் அத்தற்செயல் ஒரு பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்க இடந்தருகிறது. நினைவைக் காப்பது பொருளா, அல்லது அப்பொருளைச் சுற்றி மனிதர் ஏற்றுக்கொண்ட கடமையா?

தொழில்நுட்பத்தின் மெய்யியலில் இக்கேள்வி பிளேட்டோவிடமிருந்து தொடங்குகிறது. ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வமாகிய தியூத், அது நினைவுக்கும் அறிவுக்கும் மருந்து என்று எகிப்திய மன்னன் தாமுசிடம் கூறுகிறது. மன்னன் அதை ஏற்கவில்லை. எழுத்தை நம்புவோர் உள்ளே நினைப்பதை விட்டுவிட்டு வெளியே உள்ள குறிகளைச் சார்ந்திருப்பர். ஆகவே எழுத்து மறதியையே வளர்க்கும் என்பது அவன் மறுப்பு. அங்கு ஆளப்படும் ‘ஃபார்மகோன்’ என்ற கிரேக்கச் சொல் மருந்தையும் நஞ்சையும் ஒருசேரக் குறிக்கும். 1968இல் ழாக் தெரிதா இச்சொல்லை முன்வைத்தே பிளேட்டோவை மறுவாசிப்புச் செய்தார். தாமுசின் ஐயம் தமிழர்க்கும் புதிதன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியில் அதே ஐயம்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வி திசை மாறியது. எட்மண்ட் ஹுசர்ல் 1905இல் காலப் பிரக்ஞை பற்றி ஆற்றிய உரைகளில் இசையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரு சுரம் ஒலித்து ஓய்ந்த பின்னும் அடுத்த சுரம் ஒலிக்கும்போது முந்தியது மனத்தில் தங்கியிருக்கிறது. அவ்வாறு தங்காவிடில் தனித்தனி ஒலிகள் கேட்குமேயன்றி இராகம் கேட்காது. இது முதல்நிலைத் தங்கல். நேற்றுக் கேட்ட இசையை இன்று நினைவுகூர்வது இரண்டாம் நிலைத் தங்கல். பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்னார் ஸ்டீக்லெர், 1994இல் முதல் தொகுதி வெளிவந்த ‘தொழில்நுட்பமும் காலமும்’ என்ற நூல்வரிசையில் இவற்றோடு மூன்றாவதைச் சேர்த்தார். கல், ஏடு, ஒலித்தட்டு, வன்வட்டு என மனத்துக்கு வெளியே பொருளில் பதிந்திருக்கும் நினைவே மூன்றாம் நிலைத் தங்கல். மனிதன் பிறப்பதற்கு முன்பே அவனுக்காகக் காத்திருக்கும் நினைவு அது. தான் வாழாத காலத்தைத் தன்னுடையதாக அவன் பெறுவது அதன் வழியாகவே. கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்த மானிடவியலாளர் ஆந்த்ரே லெருவா-கூரான் சிக்கிமுக்கிக் கல்லின் வெட்டுமுகத்திலும் கைவினையின் நினைவு தங்கியிருப்பதைக் காட்டியிருந்தார். ஸ்டீக்லெர் அவரைப் பின்தொடர்ந்து, தொழில்நுட்பம் மனிதனுக்குப் புறத்தே உள்ள துணைக்கருவி அன்று, மனிதக் காலத்தின் உறுப்பு என்றார்.

இக்கோட்பாடு ஐரோப்பாவில் பெரும்பாலும் கிராமபோனையும் திரைப்படத்தையும் கணினியையும் கொண்டே சோதிக்கப்பட்டது. ஏர்பேடு முதல் திருமலை வரையுள்ள குறுகிய நிலப்பரப்பில் அதைக் கல்லையும் செம்பையும் கொண்டு சோதித்தால் வேறு சில உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, குடிமல்லத்து இலிங்கம். ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அக்கல்லின் முன்புறத்தில், குறளுருவம் ஒன்றின் தோள்மீது நின்ற கோலத்தில் ஓர் ஆணுருவம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் வலக்கையில் தலைகீழாகத் தொங்கும் விலங்கும், இடக்கையில் சிறு கலமும், தோளில் மழுவும் காணப்படுகின்றன. அக்கல்லில் எழுத்து எதுவும் இல்லை. செய்தவர் யார், செய்வித்தவர் யார், எந்த ஆண்டு என்று அது கூறுவதில்லை. கோபிநாத ராவ் அதன் ஆடையமைப்பையும் உடலமைப்பையும் பார்கூத் முதலிய இடங்களின் பழஞ்சிற்பங்களோடு ஒப்பிட்டு, அது கிறித்துவுக்கு முற்பட்டது எனக் கணித்தார். பின்வந்த அறிஞர் சிலர் அக்காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தினர். 1973-74இல் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் ஐ.கே. சர்மா நடத்திய அகழாய்வில் இன்றைய கோயிலுக்கு முற்பட்ட கட்டுமானங்கள் வெளிப்பட்டன. ஆயினும் கால முடிவு இன்றுவரை விவாதத்துக்குரியதே.

இங்குக் கல் எழுத்தாக அன்றி வினையாகவே நினைவைத் தாங்குகிறது. உளியின் வழி, மெருகின் தன்மை, மடிப்புகளை அமைக்கும் முறை ஆகியவை ஒரு பட்டறையின் பழக்கத்தைத் தாங்கி நிற்கின்றன. லெருவா-கூரான் கூறிய கருவி நினைவு இதுவே. அந்நினைவு தானாகப் பேசுவதில்லை. வேறு கற்களைக் கண்டு பழகிய கண் அதன்முன் நிற்கும்போது மட்டுமே அது காலத்தைப் பற்றி எதையேனும் கூறத் தொடங்குகிறது. அந்தக் கண்ணும் பயிற்சியால் உருவாகும் ஒன்றே.

அதே கோயிலின் கட்டடத்தில் எழுத்து உண்டு. பல்லவர், வாணர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்குக் கிடைத்துள்ளன. வாணர் கல்வெட்டுகளை வெங்கையா பதிப்பித்தார். அக்கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் குடிமல்லம் அன்று, திருவிப்பிரம்பேடு. ஏர்பேடு, கோயம்பேடு என்று தொண்டைமண்டலத்தின் இருபுறமும் இன்றும் வழங்கும் ‘பேடு’ என்ற ஈறு அதில் இருக்கிறது. விக்கிரம சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1126இல், கோயில் கல்லால் புதுப்பிக்கப்பட்டதாகக் கல்வெட்டால் அறிகிறோம். கருவறைக் கல் பல நூற்றாண்டு மூத்ததாயினும் தன் காலத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பின்வந்த கட்டடமே தன் காலத்தைச் சொல்கிறது.

அவ்வெழுத்து எத்தகைய காலத்தைக் கூறுகிறது என்பது கவனத்துக்குரியது. கல்வெட்டின் தொடக்கத்தில் வருவது மன்னனின் ஆட்சியாண்டு. அது மனிதக் காலம். மன்னன் இறந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். முடிவில் வருவது ‘சந்திராதித்தவல்’ என்ற சொல். ஞாயிறும் திங்களும் உள்ளளவும் என்பது பொருள். ஒரே ஆவணத்தில், அழியக்கூடிய ஆட்சிக் காலமும் அழியாத வான்காலமும் ஒன்றையடுத்து ஒன்று நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கப் பயன்பட்ட ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். அதுவே நந்தா விளக்குக்கு வைத்த ஆடு.

கோயிலில் என்றும் அணையாது எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கொடுப்பது சோழர் காலத்தில் பரவலான வழக்கம். 90 ஆடு கொடுத்த இடங்களும் உண்டு. அவற்றைப் பெற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையர், நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. இறவாத, முதுமையடையாத ஆடு. எந்த ஆடும் இறவாமல் இருக்கப் போவதில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், பெற்றவருக்கும் தெரியும். இறந்தவற்றின் இடத்தில் குட்டிகள் வளர்ந்து நிற்கும். எண்ணிக்கை குறையலாகாது என்பதே ஒப்பந்தம். ஆடு சாகும், 96 சாகாது.

நினைவின் தொழில்நுட்பம் பற்றி இதைவிடத் துல்லியமான ஒரு கருத்து நவீன மெய்யியலிலும் எளிதில் கிடைக்காது. நிலைபேறு என்பது பொருளின் உறுதியில் இல்லை. மாற்றீட்டின் ஒழுங்கில் இருக்கிறது. கல்லில் வெட்டப்பட்டது விளக்கன்று, நெய்யன்று, ஆடுமன்று. ஒரு கடமையும் அக்கடமையை ஏற்றவரின் அடையாளமுமே வெட்டப்பட்டன. கல் நின்றும் மந்தை அழிந்தால் விளக்கு அணையும். இன்று பல கோயில்களில் அதுவே நடந்திருக்கிறது: கல்வெட்டு நன்றாக வாசிக்கக் கிடைக்கிறது, அது கூறும் விளக்கு இல்லை.

கல்லும் தானே நிலையானதன்று என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். கோயிலைப் புதுப்பிக்கும்போது பழஞ்சுவரைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் கல்வெட்டுச் சிதறும். வேலூரை அடுத்த திருவல்லத்தில், மண்டபம் பிரித்துக் கட்டப்படுவதற்கு முன்பிருந்த பழங்கல்வெட்டின் படி இது என்று தன்னைப் பற்றித் தானே அறிவிக்கும் கல்வெட்டு இருக்கிறது. திருமழபாடியில் நிகழ்ந்தது இன்னும் விரிவானது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் புதுப்பிக்க ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். பணி முடிந்தபின் அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கோயிலின் நினைவு முழுவதும் ஏட்டில் இருந்தது. உறுதியான கல்லைக் காத்தது நொய்ந்த ஓலை. ஒரு மன்னன் இறந்து மற்றொருவன் பட்டமேறிய பின்னும் அப்பணி கைவிடப்படவில்லை என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. ஊடகம் மாறியது, கடமை மாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு திருமலைமீது நிகழ்ந்தது. தாளப்பாக்கம் அன்னமாசாரியர் (மரபுக் கணக்கில் 1408-1503) திருவேங்கடவன்மீது தெலுங்கில் பாடிய சங்கீர்த்தனங்களை, அவர் மகன் பெத்த திருமலாசாரியர் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செப்பேடுகளில் பொறிக்கத் தொடங்கினர். குடும்பத்தார் பாடிய பிற பாடல்களும் செம்பில் ஏறின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளில் சுமார் 13,000 அன்னமாசாரியர் பாடல்கள் எஞ்சியுள்ளன. அவர் பாடியவை 32,000 என்பது மரபுச் செய்தி. இவ்வேடுகள் திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கல்லறையில் வைக்கப்பட்டன. அதற்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர்.

செம்பைத் தேர்ந்தெடுத்தது சாதாரண முடிவன்று. தென்னாட்டில் செப்பேடு பெரும்பாலும் நிலக்கொடைக்கு உரிய ஊடகம். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போன்றவை மன்னன் கொடுத்த ஊரின் எல்லைகளையும் வரிவிலக்குகளையும் பதிந்து வைத்தன. இலக்கியத்துக்கு உரியது ஓலை. ஓலையின் ஆயுள் குறைவு, ஆனால் மலிவு. தலைமுறைதோறும் யாரேனும் அதைப் பார்த்து எழுதியாக வேண்டும். எழுதுவோர் படித்தாக வேண்டும். ஓலையின் பலவீனமே வாசிப்பின் தொடர்ச்சிக்குக் காரணமாயிற்று. செம்பு அவ்வாறு எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயிரக்கணக்கான பாடல்களை அதில் பொறிப்பது, பாடலை நிலத்துக்கு நிகரான உடைமையாக, காலத்தால் தீண்டமுடியாத செல்வமாக ஆக்கும் முயற்சி. அம்முயற்சி பொருளளவில் வெற்றி பெற்றது. ஏடுகள் அழியவில்லை.

ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த உலகம் மாறியது. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரத்தின் வலிமை சரிந்தது. பின்னர்க் கோயில் ஆட்சி பல கைகள் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேற்பார்வையில் இருந்த கோயில் 1843இல் ஹாத்தீராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1933இல் தேவஸ்தான நிர்வாகக் குழு அமைந்தது. செப்பேடுகள் இருந்த அறையோ பொதுவாசிப்பின் எல்லைக்கு வெளியே நின்றது.

இவ்வேடுகள் 1922இல் கண்டெடுக்கப்பட்டன என்று பொதுவாகக் கூறுவர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவை ஒருவர் கவனத்துக்கு வந்திருந்தன. 1816இல் முதலில் வெளிவந்த தெலுங்கு இலக்கணத்தின் ஆசிரியர் ஏ.டி. கேம்ப்பெல், திருப்பதி மலைக்கோயிலில் ஆயிரக்கணக்கான செம்புத் தகடுகளில் பாடல்கள் இருப்பதாகக் கேள்வியுற்று, ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்தார். அவர் தேடியது இலக்கணம். கிடைத்த ஓர் இலக்கண நூலுக்கு மட்டும் படி எடுக்கப்பட்டது. எஞ்சியவை இறைவனைப் போற்றும் பாடல்களே என்று விடப்பட்டன. செப்பேடுகள் தொலைந்து போகவில்லை. தேடியவரின் கேள்விக்கு அவை விடையாக இல்லை, அவ்வளவே. ஒரு காப்பகம் அடைபட்டுக் கிடப்பதற்குப் பூட்டு மட்டுமே காரணம் ஆவதில்லை. திறந்து பார்ப்பவர் கொண்டுவரும் கேள்வி குறுகியதாக இருந்தாலும் அது அடைபட்டே கிடக்கும்.

1920களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி திருமலை-திருப்பதிக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆராய்ந்தபோது கேள்வி வேறாக இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தெலுங்குப் பாடல்களின் தாளப்பாக்கம் குடும்பத்தாரும் அத்தமிழ்க் கல்வெட்டுகளில் ‘திருமலை அய்யங்கார்’ என்பது போன்ற பெயர் வடிவங்களில் கொடையாளராக வருகின்றனர். ஒரு குடும்பத்தின் பாடல் தெலுங்கில் செம்பிலும், அதே குடும்பத்தின் கொடை தமிழில் கல்லிலும் பதிந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் படிப்பவருக்குப் பாதி வரலாறே கிடைக்கும். சாது சுப்பிரமணிய சாஸ்திரியைத் தொடர்ந்து வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் பாடல்களைப் படித்துப் பதிப்பித்தனர்.

அப்போதுதான் இழப்பின் அளவு தெரிந்தது. ஒவ்வொரு பாடலுக்கும் இராகத்தின் பெயர் செம்பில் இருந்தது. பாடும் முறை இல்லை. சில இராகங்களின் பெயர்களே வழக்கிலிருந்து மறைந்திருந்தன. மெட்டு பாடுவோரின் தொண்டையிலும் செவியிலும் இருந்தது. அந்த வரிசை இடையில் அறுந்துவிட்டது. இன்று மேடைகளிலும் ஒலிப்பதிவுகளிலும் கேட்கப்படும் அன்னமாசாரியர் பாடல்களின் மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் அமைத்தவை. சொல் பதினைந்தாம் நூற்றாண்டினது. இசை கேட்பவரின் காலத்தது.

ஹுசர்ல் தன் எடுத்துக்காட்டாக இசையைத் தேர்ந்ததன் பொருள் இங்கு விளங்குகிறது. இசை என்பது காலத்தாலேயே ஆன பொருள். ஒலித்து மறைவதே அதன் இருப்பு. அதனால்தான் ஸ்டீக்லெர் 1877இல் எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பதிவுக் கருவிக்கு அவ்வளவு முதன்மை தந்தார். ஒரே இசை மாறாமல் இருமுறை கேட்கும் வாய்ப்பு மனித வரலாற்றில் அப்போதுதான் தோன்றியது. அதற்கு முன் இசையின் மூன்றாம் நிலைத் தங்கல் பயிற்சி பெற்ற மனித உடலையே நாடவேண்டியிருந்தது. செம்பு சொல்லைத் தாங்கியது. உடல் மெட்டைத் தாங்கியது. செம்பு பிழைத்தது, உடல்களின் வரிசை பிழைக்கவில்லை.

சுரங்களையும் பொறித்திருந்தால் இழப்பு நேர்ந்திராது என்று கருதத் தோன்றும். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைக் கல்வெட்டு அக்கருத்தைத் தடுக்கிறது. அங்குப் பாறையில் சுரக்கோவைகளே வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கரான ஓர் அரசர் மாணவர் நலத்துக்காகச் செய்வித்தது என்று அது கூறுகிறது. எழுத்துகள் தெளிவாக உள்ளன. ஆயினும் அவற்றை எவ்வாறு ஒலிப்பது, உயிரெழுத்து வேறுபாடுகள் எதைக் குறிக்கின்றன என்பதில் இசையறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. குறியீடு எஞ்சினாலும் குறியீட்டைப் படிக்கும் பழக்கம் எஞ்சாவிடில் மீள்வது இசையன்று. இசை பற்றிய ஆராய்ச்சியே.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை ஒரு கதையாகவே வைத்திருக்கிறது. உமாபதி சிவம் பெயரில் வழங்கும் ‘திருமுறை கண்ட புராணம்’ கூறும் செய்தியின்படி, தில்லைக் கோயிலின் அறையில் தேவார ஏடுகள் கறையானுக்கு இரையாகிக் கிடந்தன; சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர். கதை அத்துடன் முடிவதில்லை. சொல் கிடைத்தபின் அவர்கள் பண்ணைத் தேடுகின்றனர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுக்கின்றனர். இது வரலாற்று நிகழ்வா என்பது தனிக் கேள்வி. ஏடு ஒரு நினைவு, மரபில் பயின்ற உடல் மற்றொரு நினைவு, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்ற தெளிவு அக்கதையை அமைத்தவருக்கு இருந்தது. அந்த இரண்டாம் நினைவைத் தாங்கியவர் மன்னரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். பாணர் குடியின் ஒரு பெண் என்பதும் கதைக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

அறிவு கருவிக்குள் சென்றுவிட, மனிதர் அவ்வறிவை இழப்பதை ஸ்டீக்லெர் ‘பாட்டாளியாதல்’ என்ற சொல்லால் குறித்தார். நெசவாளியின் கைத்திறன் தறிக்குள் சென்றபோது கை அறிவிழந்தது. நினைவு பதிவுக்கருவிக்குள் சென்றபோது மனம் அறிவிழக்கிறது என்பது அவர் வாதம். தாமுசின் ஐயத்துக்கு அவர் தந்த தொழிற்காலத்து வடிவம் இது. திருமலைச் செப்பேடுகள் இவ்வாதத்தை ஓரளவு ஏற்கின்றன, ஓரளவு திருத்துகின்றன. செம்பில் எழுதியதால் பாடுவோர் பாடலை மறந்துவிடவில்லை. பாடுவோருக்குச் சோறும் இடமும் தந்த ஏற்பாடு குலைந்ததால் மரபு அறுந்தது. மறதிக்குக் காரணம் எழுத்து என்பதைவிட, எழுத்து இருப்பதால் மனிதர் தேவையில்லை என்று கருதும் ஆட்சிமுறை என்பதே பொருந்தும். ஸ்டீக்லெரின் பகுப்பாய்வு பொருளில் தங்கும் நினைவைக் கூர்மையாகக் காட்டுகிறது. அப்பொருளை உயிருடன் வைக்கும் அன்றாட உழைப்புக்கு, மன்றாடி அளந்த நெய்க்கு, அதில் போதிய இடமில்லை.

கல்வெட்டு வாசிப்பின் நவீன வரலாற்றிலும் அந்த உழைப்பைக் காணலாம். 1886இல் ஹூல்ட்ஸ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி வெளிவந்தது. ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படியே இத்துறையின் அடிப்படைத் தொழில்நுட்பம். மூலக்கல் சுண்ணாம்பாலும் மணல்வீச்சாலும் சிதைந்துவிட்ட இடங்களில் இன்று அத்தாள் ஒன்றே சான்று. திருமழபாடியில் ஓலை கல்லைக் காத்தது போல இங்குத் தாள் கல்லைக் காக்கிறது. நீண்டகாலம் மைசூரில் வைக்கப்பட்டிருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவ்வழக்கை இரு மாநிலங்களின் உரிமைப் போட்டியாக மட்டும் காண்பது குறைபார்வை. படிகள் எங்கு இருந்தால் அவற்றைப் படிப்போர் எளிதில் அணுகுவர் என்பதே அதன் மையம்.

மின்னணுப் பதிவு இந்நிலையை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக உள்ளது. இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பி.பி.சி. ஒரு புதிய நாட்டுப் பதிவேட்டை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. இருபது ஆண்டுகள் நிறையும் முன்பே அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, உள்ளடக்கத்தை மீட்பதற்குத் தனி முயற்சிகள் தேவைப்பட்டன. தோலில் எழுதிய மூலநூலோ இன்றும் வாசிக்கப்படுகிறது. இதனால் தோல் உயர்ந்தது, மின்னணு தாழ்ந்தது என்று முடிவு செய்வது பிழை. மின்னணு நினைவு ஓலையின் இனத்தைச் சேர்ந்தது, செம்பின் இனத்தைச் சேர்ந்ததன்று என்பதே இதிலிருந்து கற்க வேண்டியது. வட்டு பழுதாகும், கோப்பு வடிவம் வழக்கொழியும், காலந்தோறும் படியெடுத்தாக வேண்டும். அதைச் செம்பு என்று நம்பிப் பூட்டி வைப்பவர் அதை இழப்பார். அதை மந்தை என்று கருதி, இறந்த ஒவ்வோர் ஆட்டுக்கும் ஈடு வைப்பவரிடம் அது நிலைக்கும்.

இங்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டில் ஆட்டைப் பெற்ற மன்றாடியின் பெயரும் ஊரும் பெரும்பாலும் பதிவாகியுள்ளன. கடமை யாருடையது என்று கல் கூறியது. அப்பதிவில் நீதி முழுமையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. கடனாளி என்ற நிலையில்தான் அவர் பெயர் கல்லேறியது. இருப்பினும் விளக்கு எரிவதற்கு யார் பொறுப்பு என்பது ஊரறிய இருந்தது. இன்றைய தரவுக் கிடங்குகளில் கோடிக்கணக்கானோரின் நினைவுகள் தங்கியுள்ளன. அவற்றைக் காலந்தோறும் புதுப்பிக்கும் கடமை யாருடையது, அவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பது எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. கணக்கை மூடும் உரிமை காப்பவரிடமே இருக்கும் ஏற்பாட்டில் சந்திராதித்தவல் என்ற சொல்லுக்கு இடமில்லை.

ஏர்பேட்டைச் சுற்றி வளர்ந்துவரும் அறிவியல் நிறுவனங்கள் முப்பரிமாணப் படமெடுப்பையும் எழுத்துணரிகளையும் குடிமல்லத்துக்கும் திருமலைக்கும் கொண்டு செல்லக்கூடிய தொலைவிலேயே உள்ளன. அது நிகழ வேண்டியதே. ஆனால் பல்லவர் கிரந்தத்தையும் சோழர் காலத் தமிழெழுத்தையும் பதினாறாம் நூற்றாண்டுத் தெலுங்கையும் ஒருசேரப் படிக்கக்கூடியவர்கள் அருகிவரும் நிலையில், எழுத்துணரி தந்த பாடம் சரியா தவறா என்று சொல்ல யார் இருப்பர் என்பது கருவியால் விடை காணமுடியாத கேள்வி. கேம்ப்பெல் அனுப்பியவர் செப்பேடுகளைக் கண்ணால் கண்டார்; பாடல்களைக் காணவில்லை. இனி வரும் கருவிகள் எல்லா ஏடுகளையும் பார்க்கும். அவற்றோடு கூடவே ஆண்டுதோறும் ஒரு சில மாணவரேனும் மைப்படி எடுக்கவும், பழைய எழுத்தைத் தாமே படிக்கவும், ஓதுவாரிடமும் பாடகரிடமும் அமர்ந்து கேட்கவும் பயில்வதற்கு இடமும் ஊதியமும் ஒதுக்கப்பட்டால், 96 என்ற எண்ணிக்கை குறையாமல் இருக்கும்.